அந்த வாக்கைத் திருப்பி எடுங்கள், அப்பா

என் ஆசை அப்பாவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை அதைச் சொல்லாமல் ஊர்க்கதை எல்லாம் கதைத்துக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சேமக்காலைக்கு வந்து, உங்கள் கல்லறைக்கு முன்னால் நின்று வாயால் சொல்லலாம்தான். அங்கே வந்தால் அழுகை முந்திக்கொள்கிறது, சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. அதுதான் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கோழி கிண்டினது போலத்தான் கிடக்கும். பேனையைச் சுற்றிப் பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைக் கட்டி மொத்தமாக்கி வைத்திருக்கிறேன், அப்போதுதான் விரலுக்குப் பிடி கிடைக்கிறது. என்றாலும் இது என் கையால் எழுதியது, அப்பா. நீங்கள் இருந்தபோது என் சட்டைப் பொத்தானையே நீங்கள்தானே பூட்டிவிட்டீர்கள்?

வரும் ஞாயிறு உங்கள் ஆண்டுத் திருப்பலி. வருகிற சனத்துக்கும் இதை வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். நெடுந்தீவில் ஒருவர் காதில் போட்டால் ஊர் முழுக்கப் போட்ட மாதிரி. எத்தனை நாள் அதற்காகப் புறுபுறுத்திருக்கிறேன், இந்த ஒருமுறை அது எனக்கு உதவட்டும். உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். நான் கேட்டது ஊருக்குத் தெரிய வேண்டும். எல்லாரையும்விட அருளப்பு மாமாவுக்குத் தெரிய வேண்டும்.

வெளியூர்ச் சனமும் வாசிக்கும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் ஒருக்கால் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடுகிற படகில் வேலை செய்தீர்கள். கயிறு கட்டுவது, சாமான் ஏற்றுவது, சனத்தைக் கைகொடுத்து ஏற்றி இறக்குவது. இறங்குதுறைக்கும் படகுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வெளி இருக்கும். அலைக்குப் படகு ஏறும், தாழும், விலகும், திரும்பி வந்து துறைச் சுவரில் கட்டின ரயரில் முட்டும். அந்த வெளிக்கு மேலால் கால் வைக்கும் நேரத்தில் படகுக்காரர் மணிக்கட்டை எட்டிப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்துவிடுவார்கள். பிறந்த நாள் தொடக்கம் இழுபட்ட சனம் நாங்கள், அதில் ஒருவருக்கும் குறையில்லை.

நீங்கள் மட்டும் மணிக்கட்டைத் தொட மாட்டீர்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடிப்பீர்கள். "மணிக்கட்டிலை பிடிச்சா ஆள் தொங்கும், இஞ்ச பிடிச்சா ஆள் தன்ர காலிலை நிக்கும்" என்று உங்களோடு படகில் வேலை செய்த அருளப்பு மாமாவுக்குக்கூடச் சொல்லிப் பார்த்தீர்கள். அவர் கேட்டால்தானே. இழுத்தால்தான் கெதியாக ஏற்றி முடிக்கலாம் என்று அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இந்த மூட்டு வருத்தம் வந்தது தையல் மெசினுக்கு முன்னால் இருக்கும்போதுதான். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்த மாதம். ஊசியில் நூல் கோர்க்க விரல் மடங்கவில்லை. "பனி பிடிச்சிட்டுது, பிள்ளை" என்று நீங்கள் வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவினீர்கள். பிறகு மணிக்கட்டு வீங்கியது, பிறகு முழங்கால், பிறகு பாதம். விடிய எழும்பினால் உடம்பு முழுக்க விறைத்துப்போய்க் கிடக்கும், வெயில் ஏறின பிறகுதான் கொஞ்சம் இளகும். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். முடக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் டொக்ரருக்கு முன்னாலேயே செபமாலையை எடுத்துவிட்டீர்கள்.

அந்தக் கிளினிக்கால் திரும்பி வரும்போது குறிகட்டுவானில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஒரு நல்ல மனுசன், நான் தடுமாறுகிறேன் என்று இரக்கப்பட்டு, என் வீங்கின மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் படகு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் இருண்டு போனது. நீங்கள் அந்த மனுசனைப் பேசின பேச்சை இந்தக் கடிதத்தில் எழுத ஏலாது, பங்குச் சுவாமியும் வாசிப்பார்.

அன்று தொடக்கம் நீங்கள்தான் என்னைத் தூக்கினீர்கள். அந்த வயதில், அந்த நெஞ்சு இளைப்போடு, ஒரு கையால் என்னை அணைத்து மறு கையால் படகின் கயிற்றைப் பிடித்து, அந்த வெளியைக் கடப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பொய். "கடல் குளம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை." சோளகக் காற்று வீசிக் கடல் நுரைத்துக்கொண்டிருக்கும், உங்கள் சறம் தொடைவரைக்கும் நனைந்திருக்கும், வாய் மட்டும் குளம் என்று சொல்லும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தப் பொய்யை நம்பவில்லை, சொன்ன ஆளை நம்பினேன்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்துவிட்டுப் போனீர்கள். கட்டிலில் கிடந்தபடி அருளப்பு மாமாவின் கையைப் பிடித்து, "என்ர பிள்ளையை நோகாமல் ஏத்தி இறக்கு, அருளப்பு. எனக்கு வாக்குத் தா" என்றீர்கள். அவர் குலுங்கி அழுதுகொண்டு தந்தார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது அது பெரிய ஆறுதல். உங்களுக்குப் பிறகு யார் என்னைக் கடல் கடத்துவது என்ற கவலைதான் அந்த அறைக்குள் உங்களைவிட என்னைத் தின்றுகொண்டிருந்தது.

மாமா வாக்கைக் காப்பாற்றினார். படகுக்கென்று ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை வாங்கினார். நான் இறங்குதுறைக்கு வந்தால் போதும், "ஜெசியின்ர கதிரையைக் கொண்டாங்கோடா" என்று ஒரு சத்தம். நாலு பேர் நாலு காலில் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார்கள். திருநாளில் சொரூபம் போகிற மாதிரி நான் போவேன். சனம் விலகி வழி விடும். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நோகவில்லை. நோகாமல் இருப்பதற்காக எதையும் விழுங்க நான் அப்போது தயார்.

இனி உங்களுக்குத் தெரியாத செய்தி. மருந்து பிடித்துவிட்டது, அப்பா! கிழமைக்கு ஒருக்கால் போடுகிற அந்தக் குளிசை, நீங்கள் "இது என்ன மருந்து, ஞாயிற்றுப் பூசை மாதிரி" என்று சிரித்தீர்களே, அதேதான். அதோடு மாதாமாதம் இரத்தச் சோதனை. மெல்ல மெல்ல வீக்கம் வற்றியது. ஒரு நாள் தேங்காய் துருவினேன். இன்னொரு நாள் மெசினின் கீழ்ப்பலகையில் கால் வைத்து மிதித்தேன், சில்லுச் சுற்றியது, நான் அப்படியே இருந்து அழுதேன்.

போன மாரி முடிந்த கையோடு டொக்ரர் என்னைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற இயன்மருத்துவப் பகுதிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பிள்ளை, நிரோஜினி என்று பெயர், சிரித்த முகம், ஆனால் விடாக்கண்டி. என்னைக் கதிரையால் கை ஊன்றாமல் எழும்பச் சொன்னாள். என்னால் ஏலவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் நெடுந்தீவிலை இருந்து வாறீங்கள். வள்ளத்திலை எப்பிடி ஏறுறனீங்கள்?"

"தூக்கி ஏத்துவினம்."

"இப்பவுமோ?"

"ஓம், இப்பவும்தான். ஏன்?"

அவள் எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பிறகு சொன்னாள். "மூட்டு வீங்கிக் கொதிக்கேக்கை காலுக்கு ஆறுதல் குடுத்தது சரி, அக்கா. இப்ப அது அடங்கியிருக்கு. இப்பவும் காலுக்கு வேலை குடுக்காட்டி தசை வத்திப்போகும். பேந்து வருத்தம் இல்லாமலே நடக்க ஏலாமல் போயிடும். வருத்தம் உங்களை விட்டாலும் கதிரை உங்களை விடாது."

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு என்ன தெரியும், உன் வீட்டு வாசலில் பஸ் நிற்கும் என்று வாய்வரை வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் இறங்கிவிட்டது. அது இறங்கின இடத்தில் பயம் ஏறி இருந்தது. அவள் சொன்னது உண்மை என்று என் தொடைக்குத் தெரிந்திருந்தது.

அன்று தொடக்கம் பழகுகிறேன். மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையால் எழும்புவது, இருப்பது. கிணற்றடிப் படியில் ஏறுவது, இறங்குவது. சுடுதண்ணீருக்குள் கையை விட்டு விரலை விரிப்பது, மடிப்பது. பின்னேரம் வெயில் தாழ, கல்மதில் ஓரமாக நடப்பது. முதலில் பக்கத்து வீட்டுப் படலைவரை. பிறகு கோயில்வரை. பிறகு சேமக்காலைவரை. உங்களிடம் வந்துபோவது ஆசையால் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? பாதி அதுதான், மீதி பயிற்சி.

சொல்லும்போது இலேசாக இருக்கிறது. செய்யும்போது ஒவ்வொரு நாளும் நடுங்கினேன். நடந்துவிட்டு வந்து படுத்தால் விடிய முழங்கால் உளையும். இது நடந்த உளைவா, வருத்தம் திரும்பி வருகிற உளைவா? யாரைக் கேட்பது? "மத்தியானத்துக்கு முன்னம் அடங்கினா அது உழைப்பு நோ, அக்கா. அடங்காமல் வீங்கினா நடையைக் குறைச்சுப்போட்டு எங்களுக்குச் சொல்லுங்கோ" என்று நிரோஜினி சொல்லியிருந்தாள். அதனால் காலைமுழுக்க முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், சூடா, சூடில்லையா என்று. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல என் காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. உங்கள் மூத்த மகளைத்தான் தெரியுமே, குருநகரில் இருந்துகொண்டு போனிலேயே என்னை மேய்க்கிறாள்.

"ஏனடி உனக்கு இந்த வேண்டாத வேலை? விழுந்து முறிச்சா ஆர் பாக்கிறது? அப்பாவும் இல்லை. பேசாமல் இஞ்ச வந்து இரு. அறை ஒதுக்கி வைச்சிருக்கிறன். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவிலை போய் வரலாம்."

"எனக்கு இஞ்ச வீடு இருக்கு, மெசின் இருக்கு."

"கடலைத் தாண்ட ஏலாத ஆளுக்குத் தீவிலை என்ன வீடு? ஆண்டுத் திருப்பலிக்கு வருவன். வரேக்கை உன்னைக் கூட்டிக்கொண்டுதான் போவன், சொல்லிப்போட்டன்."

அவள் என்னை விரட்டவில்லை, அப்பா, பயத்தில் சொல்கிறாள். ஆனால் நான் போனால் திரும்பி வரமாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஓட்டோவில் ஏற்றி, கதிரையில் இருத்தி, சோறு போட்டு, என்னை அன்பாலேயே முடக்கிவிடுவாள். இங்கே வீடு பூட்டிக் கிடக்கும், மெசின் துருப்பிடிக்கும், உங்கள் கல்லறையில் புல் வளரும். தீவில் இருக்க வேண்டுமென்றால் என் காலால் அந்த வெளியைத் தாண்ட வேண்டும். வேறு வழியில்லை.

என்றாலும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டு நிலம் ஆடாது, படகு ஆடும். கிணற்றுப்படி அப்படியே நிற்கும், படகின் விளிம்பு கால் வைக்கிற நேரம் பார்த்து விலகும். இந்த மாதம் கதிரை, அடுத்த மாதம் பார்ப்போம் என்றே மாதங்கள் போயின.

சோளகம் தொடங்கின ஒரு கிளினிக் நாளில் குறிகட்டுவானில் நாலு பேரும் என்னைத் தூக்கினார்கள். நடுவெளியில் இருக்கும்போது ஒரு அலை வந்து படகைக் கீழே இழுத்தது. பின்னால் பிடித்திருந்த இரண்டு பேரும் அதோடு தாழ்ந்தார்கள். கதிரை மல்லாக்கச் சரிந்தது. எனக்கு வானம் தெரிந்தது, பிறகு சுவரில் படிந்த பாசி தெரிந்தது. பிடிக்க ஒன்றுமில்லை, அப்பா. கதிரையின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், கதிரையே அந்தரத்தில் நிற்கிறது. ஒரு கால் செருப்புக் கழன்று விழுந்தது. படகு திரும்பி வந்து சுவரில் மோதியபோது செருப்பு நடுவில் நசுங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

"என்ர மாதாவே!" என்று அருளப்பு மாமா கத்திக்கொண்டு பாய்ந்து என்னை இழுத்துப் போட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள், தப்பினால் வருகிற சிரிப்பு. நான் ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் இருந்தபடி வேலணை தாண்டும்வரை நடுங்கினேன். அந்தச் செருப்பே கண்ணுக்குள் நின்றது. விழுகிறதென்றாலும் என் காலில் நின்று விழுந்தால் எதையாவது எட்டிப் பிடிக்கலாம். தூக்கிவைத்த ஆளுக்கு அதுவும் இல்லை.

திரும்பி வந்து மாமாவிடம் கேட்டேன். இனிக் கதிரை வேண்டாம், நான் நடந்து ஏறுகிறேன் என்றேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அது நடவாது, பிள்ளை."

"ஏன் மாமா? எனக்கு இப்ப ஏலும்."

"உனக்கு ஏலும். எனக்கு ஏலாது. கொப்பர் கண்ணை மூட முன்னம் என்ர கையைப் பிடிச்சு வாக்கு வாங்கினவர். சாகிற மனுசனுக்குக் குடுத்த வாக்கை நான் எப்பிடி முறிக்கிறது? நாளைக்கு உனக்கு ஒண்டு நடந்தா நான் மரியாம்பிள்ளை அண்ணைக்கு என்ன முகத்தைக் காட்டுறது?"

"இண்டைக்குக் கதிரையோடையே அது நடக்கப் பார்த்துதே!"

அவர் முகம் செத்துப்போனது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார். "அண்ணை வந்து என்னட்டைச் சொல்லட்டும். விட்டுவிடுறன்." பக்கத்தில் நின்ற சனமும் அவர் பக்கம்தான். வாக்கென்றால் வாக்குத்தானே என்றார்கள். உயிரோடு இருக்கிறவர் வாங்கின வாக்கென்றால் அவரிடம் கெஞ்சலாம், சண்டை பிடிக்கலாம். நீங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டீர்கள். நான் எங்கே போய் முறையிடுவது?

உங்களிடம்தான் வந்தேன். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மாமாவையும் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்கு நடந்தேன். வழி முழுக்க அவர் எனக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார், நடை பழகுகிற குழந்தைக்குப் பின்னால் வருகிற மாதிரி. மணலில் கால் புதைந்தது, நான் நிற்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு அதைவிட வாங்கியது.

கல்லறைக்கு முன்னால் நின்று மாமா தொண்டையைச் செருமினார். "அண்ணை, இவள் சொல்வழி கேக்கிறாளில்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். காத்துக்கொண்டு நின்றார். காற்றுத்தான் அடித்தது. "மனுசன் ஒண்டும் பறையாமல் கிடக்கிறார்" என்று என்னிடம் முறைப்பாடு வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன்.

"மாமா, அப்பா உங்களிட்டைக் கேட்டது நான் ஏலாமல் கிடக்கேக்கை. இப்ப நான் இந்த மணலுக்குள்ளாலை நடந்து வந்து நிக்கிறன். இதை அவர் கண்டிருந்தா என்ன செய்திருப்பார்?"

அவர் கல்லறையில் கிடந்த மணலைக் கையால் தட்டிவிட்டார். பிறகு, "துள்ளியிருப்பார்" என்றார். "சரி, ஒருக்காப் பார்ப்பம். தூக்கமாட்டன். ஆனா கையைப் பிடிக்காமல் விடமாட்டன், அதுக்கு மேலை என்னைக் கேளாதை."

"மணிக்கட்டிலை பிடிச்சால் கடிப்பன்."

"எங்கை பிடிக்கிறதெண்டு எனக்குத் தெரியும், போடி" என்று, முழங்கைக்குச் சற்றுக் கீழே என் கையைப் பிடித்தார். இத்தனை வருசமும் கேளாதவர் மாதிரி இருந்த மனுசன்! உங்கள் பிடியை அப்படியே படித்து வைத்திருந்திருக்கிறார்.

கிளினிக் நாள் வந்தது. எங்கள் தீவின் மாவலித்துறைக்குப் போகிற வழியில் திரும்பிவிடலாமா என்று எத்தனை முறை நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வெட்கம். அந்தோனியாருக்கு மன்றாட்டுத் தொடங்கி நடுவில் சொல்லு மறந்து, திரும்பத் தொடங்கி, திரும்ப மறந்தேன். எங்கள் பக்கத்தில் அன்று அலை குறைவு. மாமா பிடித்தார், நான் கால் வைத்தேன், படகுக்குள் நின்றேன். என்ன நடந்தது என்று விளங்குவதற்குள் முடிந்துவிட்டது.

குறிகட்டுவானில்தான் என் சீவன் போனது. அங்கே படகிலிருந்து மேலே ஏற வேண்டும். செருப்பு நசுங்கின அதே இடம். விளிம்புக்கு வந்து கீழே பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் கால் தூக்கவில்லை, அப்பா. நோவில்லை, வீக்கமில்லை, தூக்கவில்லை. பின்னால் சனம் நெருக்குகிறது. "தூக்கி விடுங்கோவன், பஸ் போகப்போகுது!" என்று ஒரு பொம்பிளை சத்தம் போட்டாள். மாமா துறையில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார், அவர் கண் படகு மூலையில் இருந்த சிவப்புக் கதிரைக்குப் போய் வந்தது. கொண்டாங்கோ என்று சொல்ல எனக்கும் வாய் திறந்துவிட்டது.

அப்போது மாமா சொன்னார். "கடல் குளம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

பச்சைப் பொய்! அவர் முகத்திலேயே கடல்தண்ணி வழிந்துகொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபமும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணை மட்டும் மூடவில்லை. படகு ஏறின நேரம் பார்த்துக் காலை வைத்தேன். மாமாவின் கை முழங்கைக்குக் கீழே இறுகியது, இழுக்கவில்லை, பிடித்தது. மற்றக் காலும் வந்தது. நான் சீமெந்தில் நின்றேன். பஸ் போகவில்லை, கொண்டக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றான்.

இதோடு எல்லாம் சுகம் என்று எழுத ஆசைதான். அடுத்த நாள் விடிய முழங்கால் வீங்கியிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி அக்கா வீட்டு அறைதான் என்று கட்டிலிலேயே கிடந்தேன். மத்தியானத்துக்கு முன்னம் அது வற்றியது. ஆனால் அந்தக் காலைப்பொழுதை நான் மறக்கமாட்டேன். இந்த வருத்தம் போனது போலப் போய்த் திரும்பி வரக்கூடியது என்று டொக்ரர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வாடைக்காற்றுத் தொடங்கினால் என்ன ஆகுமோ? ஒரு நாள் திரும்பவும் பொத்தான் பூட்ட ஏலாமல் எழும்பினால், அப்போது என்னை யார் தூக்குவது? ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடுதான் எழும்பி, அந்தப் பயத்தோடுதான் நடக்கிறேன்.

மாமாவும் பயத்தோடுதான் இருக்கிறார். நான் நடந்து ஏறின நாள் தொடக்கம் அவருக்கு நிம்மதி இல்லை. காணும் நேரமெல்லாம், "கொப்பர் கனவிலை வந்தவரோ? ஏதும் சொன்னவரோ?" என்று கேட்கிறார். போன கிழமை சேமக்காலைக்கு வந்தபோது பார்த்தேன், உங்கள் கல்லறைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கதிரை நின்றது. அவர்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "அண்ணையின்ர சாமான் அண்ணையிட்டை. வேணுமெண்டா அவர் திருப்பித் தரட்டும்" என்றார்.

அதுதான் கேட்கிறேன், அப்பா. இத்தனை சனம் கேட்கக் கேட்கிறேன். அந்த வாக்கைத் திருப்பி எடுங்கள். அருளப்பு மாமாவின் கழுத்தில் இருந்து அதை இறக்கிவிடுங்கள். நீங்கள் கேட்டதை அவர் ஒரு குறையில்லாமல் செய்து முடித்துவிட்டார். கதிரையைத் திருப்பித் தர வேண்டாம், அங்கேயே நிற்கட்டும். நடந்து வந்து களைத்தால் அதில் இருந்து உங்களோடு கதைப்பேன். வருத்தம் முற்றித் திரும்பவும் தூக்க வேண்டி வந்தால் அதை நானே மாமாவிடம் கேட்பேன், எனக்கு வாய் இருக்கிறது.

இனி என் வாக்கு. ஞாயிறு விடிய அக்கா முதல் படகில் வருகிறாள், என்னைக் கூட்டிக்கொண்டு போக. கடலைக் கண்டால் அவள் படுகிற பாட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். படகு விளிம்பில் வந்து நின்று, "ஐயோ, என்னாலை ஏலாது" என்று அலறுவாள். நான் மாவலித்துறையில் என் காலில் நின்றுகொண்டிருப்பேன். இழுக்கிற பலம் என் கையில் இல்லை, பிடிக்கிற பலம் இருக்கிறது. கூட மாமாவும் நிற்பார். என் கால் நடுங்கும், அதை அவள் காணவிடமாட்டேன். அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துச் சொல்வேன், "கடல் குளம் மாதிரிக் கிடக்கு, அக்கா. காலை வை."

உங்கள் சின்ன மகள்,
பயந்தபடியே நடக்கிற
ஜெசி